போடாக்ஸ் போட்ட பிறகு உடற்பயிற்சி: முதல் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை

நெற்றிச் சுருக்கத்துக்கும் புருவங்களுக்கு நடுவே விழும் கோட்டுக்கும் போடாக்ஸ் ஊசி போட்டுக்கொள்பவர்களில் பலர் தினமும் நடக்கிறவர்கள், யோகா செய்கிறவர்கள், ஜிம்முக்குப் போகிறவர்கள். கிளினிக்கில் ஊசி முடிந்ததும் "இன்னைக்கு எக்சர்சைஸ் வேண்டாம்" என்று ஒரு வரி சொல்லி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்விகள் ஆரம்பிக்கும். மாடிப்படி ஏறலாமா? நாளைக் காலையில் சூரிய நமஸ்காரம் செய்யலாமா? ஹெல்மெட் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா? பொட்டு வைக்கலாமா?

நான் சென்னையில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறேன். மருத்துவர் இல்லை. என்னிடம் வருகிறவர்கள் இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது என்ன சொல்கிறேனோ அதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்கு ஊசி போட்ட தோல் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் பேச்சையே கேளுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு, எந்த ஆழத்தில் மருந்து போனது என்பது அவருக்குத்தான் தெரியும்.

உள்ளே போன மருந்து என்ன செய்கிறது

கொஞ்சம் தெரிந்துகொண்டால் மற்ற எல்லா விதிகளும் தானாகப் புரியும். இந்த மருந்து க்ளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நச்சுப்புரதம். கெட்டுப்போன உணவில் இந்த பாக்டீரியா பெருகி இந்த நச்சு உண்டானால் உயிருக்கே ஆபத்து. அதையே சுத்திகரித்து, மிக மிகக் குறைந்த அளவில் மருந்தாக்கியிருக்கிறார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் முதலில் இதை மாறுகண் சிகிச்சைக்காகச் சோதித்தார். 1989இல் அமெரிக்காவில் கண் நோய்களுக்கு அனுமதி கிடைத்தது. கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸும் அவர் கணவரான தோல் மருத்துவர் அலஸ்டேர் கரூதர்ஸும் சுருக்கங்களுக்கு இது உதவுவதை 1992இல் எழுதி வெளியிட்டார்கள். புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002இல் வந்தது.

தசை சுருங்க வேண்டுமென்றால் நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற பொருள் வெளியே வர வேண்டும். இந்த மருந்து நரம்பு முனைக்குள் புகுந்து அதை வெளியே விடாமல் தடுக்கிறது. உத்தரவு வராததால் தசை ஓய்வெடுக்கிறது, மேலே உள்ள தோல் மடங்குவதில்லை. ஊசி போட்ட நிமிடமே எதுவும் தெரியாது. இரண்டு மூன்று நாளில் மாற்றம் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும். மூன்று நான்கு மாதம் நிற்கும்.

மருந்து நரம்பு முனையில் போய் ஒட்டிக்கொள்ளும் வேலை முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் நடந்துவிடுகிறது. நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய நேரமும் முக்கியமாக அதுதான்.

எதற்காகப் பொறுத்திருக்கச் சொல்கிறார்கள்

ஓடினால் மருந்து முகமெல்லாம் ஓடிவிடும் என்று பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். அப்படி நடக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. மருந்து எவ்வளவு தூரம் பரவும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது டாக்டரின் கைதான்: எவ்வளவு யூனிட் (மருந்தை அளக்கும் கணக்கு), எவ்வளவு உப்புநீரில் கரைத்தார், ஊசி முனை எங்கே நின்றது. அதனால் ஊசி போட்டுவிட்டுத் தெரியாமல் இரண்டு மாடி ஏறிவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். ஒன்றும் ஆகாது.

உண்மையான காரணங்கள் வேறு. முதலாவது ரத்தக்கட்டு. வேகமான பயிற்சியில் ரத்த அழுத்தம் ஏறும், முகத்தில் ரத்தக் குழாய்கள் விரியும். சற்று முன்புதான் ஊசி துளைத்த இடத்தில் ரத்தம் கசிந்து நீலமாகக் கன்றிப்போக அது போதும். கண்ணோரத்தில் தோல் மெல்லிசு, அங்கே இது சீக்கிரம் நடக்கும். ஆபத்தில்லை, ஆனால் மறைய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

இரண்டாவது, என் அனுபவத்தில் பெரிய காரணம், நம் கை. பயிற்சியில் வியர்த்தால் கை தானாக முகத்துக்குப் போகும். துண்டால் நெற்றியை அழுத்தித் துடைப்போம். புருவத்தில் வழிவதை விரலால் வழித்து விடுவோம். ஈரப்பதம் நிறைந்த சென்னை மே மாதத்தில் அரை மணி நேரத்தில் இதை எத்தனை தடவை செய்கிறோம் என்று யாரும் கவனிப்பதே இல்லை. மருந்து இன்னும் நரம்பில் ஒட்டாத நேரத்தில் இப்படித் தேய்ப்பதும் அழுத்துவதும்தான் அதைப் பக்கத்துத் தசைக்குத் தள்ளக்கூடியவை. புருவ நடுவில் போட்ட மருந்து கொஞ்சம் கீழே இறங்கி மேல் இமையைத் தூக்கும் தசையைத் தொட்டுவிட்டால் இமை தொங்கும். டாக்டர்கள் புருவ எலும்பிலிருந்து குறைந்தது ஒரு சென்டிமீட்டர் மேலே தள்ளிப் போடுவது இதற்காகத்தான். ஆகவே நான் சொல்வது ஒன்றுதான்: ஓட்டத்தைப் பற்றிப் பயப்படுவதைவிடத் துண்டையும், தலைப்பட்டையையும், நீச்சல் கண்ணாடியையும் கவனியுங்கள்.

தேதி குறிப்பதற்கு முன்

முதலில் யார் போடுகிறார்கள் என்று பாருங்கள். பார்லரில் சலுகை விலைக்குப் போடுகிறார்கள் என்று போகாதீர்கள். இது மருந்துச் சீட்டு தேவைப்படும் மருந்து. குளிர்பதனத்தில் வைத்திருக்க வேண்டும், உப்புநீரில் கரைத்த பிறகு அதற்குரிய நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். முகத் தசைகளை நன்றாக அறிந்த தோல் டாக்டரோ பிளாஸ்டிக் சர்ஜனோ போட வேண்டும். பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை யூனிட் என்று எழுதி வாங்குங்கள். இதில் கூச்சம் வேண்டாம். 2024இல் அமெரிக்காவில் போலி போடாக்ஸால் பலர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியிருந்தது.

யூனிட் கணக்கைப் பற்றி ஒரு விஷயம். போடாக்ஸ் என்ற பெயரில் விற்கும் மருந்துக்கு, அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி, புருவ நடுவில் 5 இடங்களில் சேர்த்து 20 யூனிட், இரண்டு கண்ணோரங்களுக்கும் சேர்த்து 24 யூனிட். இதே வகையைச் சேர்ந்த டிஸ்போர்ட் என்ற மருந்தின் யூனிட் வேறு கணக்கு, புருவ நடுவுக்கே 50 யூனிட் போடுவார்கள். அதனால் தோழிக்குப் போட்ட எண்ணையும் உங்களுக்குப் போட்ட எண்ணையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் தள்ளிப்போட வேண்டும். மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு–தசை நோய் இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஜிம்முக்குப் போகிறவர்கள் பலர் மீன் எண்ணெய் மாத்திரையும் வைட்டமின் ஈ மாத்திரையும் சாப்பிடுகிறார்கள். உடம்பு வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்கிறார்கள். இவை எல்லாமே ரத்தக்கட்டை அதிகமாக்கக்கூடியவை. எத்தனை நாள் முன்னாடி நிறுத்தலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் இதயத்துக்காக ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தவே கூடாது. ஒரு ரத்தக்கட்டுக்குப் பயந்து மாரடைப்பை வரவழைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

பந்தயத்துக்கோ கல்யாணத்துக்கோ முன்னால் போடுகிறீர்கள் என்றால் கணக்கு முக்கியம். ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடப்போகிறவர் டிசம்பர் தொடக்கத்திலேயே போட்டுக்கொள்வது நல்லது. ரத்தக்கட்டு வந்தாலும் மறைய நேரம் இருக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் போட்டால், இரண்டாவது வாரம் பார்த்துச் சரிசெய்யவும் இடம் கிடைக்கும்.

ஊசி போடும் நாள்

பயிற்சியை விட மனசில்லையா? காலையிலேயே செய்துவிடுங்கள். குளித்து, உடம்பு சூடு தணிந்து, முகச் சிவப்பு போன பிறகு கிளினிக்குக் கிளம்புங்கள். அன்றைய பயிற்சியும் போகாது, பிறகு கை பரபரக்கவும் செய்யாது. எண்ணெய்க் குளியல், புருவ த்ரெட்டிங், ஃபேஷியல் எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாள் முன்னாடியே முடித்துக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு இவற்றுக்கு இடைவெளி விட வேண்டியிருக்கும்.

கிளினிக்குக்கு ஸ்கூட்டியில் போகாதீர்கள். திரும்பி வரும்போது இறுக்கமான ஹெல்மெட் நெற்றியை அழுத்தும். அதற்காக ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவதைவிடப் பெரிய முட்டாள்தனம் கிடையாது. ஆட்டோவிலோ மெட்ரோவிலோ போய் வாருங்கள், இல்லை வீட்டில் யாரையாவது காரில் கொண்டுவிடச் சொல்லுங்கள்.

முதல் நான்கு மணி நேரம்

ஊசி போட்ட இடங்களில் கொசுக்கடி மாதிரி சின்ன வீக்கம் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அமுங்கிவிடும். அதை அமுக்கிப் பார்க்காதீர்கள்.

இந்த நான்கு மணி நேரமும் தலை நிமிர்ந்திருக்க வேண்டும். உட்காரலாம், நிற்கலாம், மெதுவாக நடக்கலாம், சமைக்கலாம், ஆபீஸ் வேலை பார்க்கலாம். படுக்கக் கூடாது. மதியம் ஊசி போட்டுவிட்டு வந்து குட்டித் தூக்கம் போடும் பழக்கம் உள்ளவர்கள் அன்று ஒரு நாள் விட்டுவிடுங்கள். கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிவதால் ஒன்றும் ஆகாது. குனிந்தபடியே அரை மணி நேரம் வீடு துடைப்பதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொட்டு விஷயம் பலர் நினைக்காதது. புருவ நடுவில் ஊசி போட்ட இடமும் நாம் பொட்டு வைக்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. விரலால் அழுத்திக் குங்குமமோ திருநீறோ இடுவதும், ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிப் பிறகு இழுத்து எடுப்பதும் துளை மூடாத தோலுக்கு நல்லதில்லை. அன்றைக்கு மட்டும் வேண்டாம், மறுநாளிலிருந்து லேசாக வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் நெற்றி தரையில் பட விழுந்து கும்பிடுவதும் அப்படித்தான், கைகூப்பினால் போதும். தொழுகை செய்கிறவர்கள் ஊசி நேரத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்குப் போட்டுக்கொண்டு லுஹர் என்ற நண்பகல் தொழுகையை ஒன்றரை மணி வாக்கில் வைத்தால் நான்கு மணி நேரம் கடந்திருக்கும். அதற்குப் பிறகும் அன்று ஸஜ்தாவில் நெற்றியை அழுத்தாமல் மெதுவாக வைத்தால் போதும்.

அப்போது முகத்தை அசைக்கவே கூடாதா? அசைக்கலாம். அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சிறிய ஆய்வில், ஊசி போட்ட நெற்றித் தசைகளை முதல் நான்கு மணி நேரத்தில் அவ்வப்போது சுருக்கி விரித்தவர்களுக்குப் பலன் சுமார் ஒரு நாள் முன்னதாகத் தெரிந்தது. இரண்டு வாரத்தில் பார்த்தபோது செய்தவர், செய்யாதவர் வித்தியாசம் இல்லை. அதனால் உங்கள் டாக்டர் "புருவத்தை ஏற்றி இறக்குங்கள்" என்று சொன்னால் செய்யுங்கள், சொல்லாவிட்டால் கவலை வேண்டாம். தசையை அசைப்பது வேறு, தோலை விரலால் தேய்ப்பது வேறு. இரண்டாவதுதான் கூடாது.

இருபத்து நான்கு மணி நேரம் வரை

ஓட்டம், ஜும்பா, ஸ்கிப்பிங், எடை தூக்குவது, வேகமான சைக்கிள், பேட்மின்டன் எதுவும் வேண்டாம். சாப்பிட்ட பிறகு தெருவில் மெதுவாக நடக்கலாம். வெந்நீர்க் குளியல், ஆவி பிடிப்பது, நீராவி அறை, உச்சி வெயிலில் நிற்பது எல்லாமே முகத்துக்கு ரத்தத்தை இழுக்கும், அவையும் வேண்டாம். மதுவும் அப்படித்தான். அடுப்பில் தோசை வார்ப்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. இரவு வழக்கம்போலத் தூங்கலாம், மல்லாந்து படுத்தால் நல்லது. குப்புறப் படுத்து முகத்தைத் தலையணையில் புதைக்கும் பழக்கம் உள்ளவர்கள் பக்கவாட்டில் ஒரு தலையணை வைத்துக்கொள்ளுங்கள்.

தலை வலித்தால் பாரசிட்டமால் போதும். நீலம் கட்ட ஆரம்பித்தால் துணியில் சுற்றிய ஐஸை லேசாக வைத்து வைத்து எடுங்கள். அழுத்தித் தேய்க்காதீர்கள்.

இரண்டாம் நாள்: மெதுவாக ஆரம்பியுங்கள்

24 மணி நேரம் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பயிற்சியை ஆரம்பிக்கலாம். முதல் நாள் பேசிக்கொண்டே செய்ய முடிகிற வேகம் போதும். நடக்கலாம், நிற்கும் சைக்கிள் ஓட்டலாம், லேசான எடையோடு கை கால் பயிற்சி செய்யலாம். மூச்சைப் பிடித்து முக்கி, முகம் சிவக்கத் தூக்கும் எடையை இன்னும் ஒரு நாள் தள்ளிவையுங்கள். டெட்லிஃப்டோ ஸ்குவாட்டோ செய்யும்போது மூச்சை அடக்கினால் தலைக்குள் அழுத்தம் சட்டென்று ஏறும், முந்தைய நாள் துளைகளுக்கு அது தேவையில்லை.

வியர்வைக்கு ஒரு மெல்லிய பருத்திக் கைக்குட்டையை எடுத்துப் போங்கள். நெற்றியில் வைத்து ஒற்றி எடுங்கள், இழுத்துத் துடைக்காதீர்கள். ஜிம்மில் பலர் தொட்ட துண்டு வேண்டவே வேண்டாம். மின்விசிறிக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள், காலை ஆறு மணிக்கு முன்னால் நடந்து முடியுங்கள். வியர்வை குறைந்தால் முகத்தைத் தொடும் வேலையும் குறையும். இறுக்கமான எலாஸ்டிக் தலைப்பட்டையை மூன்று நான்கு நாள் பையிலேயே வைத்திருங்கள். தொளதொளப்பான தொப்பி போடலாம். வெயிலில் கண்ணைச் சுருக்கும் பழக்கத்துக்குக் கூலிங் கிளாஸ் நல்லது. சன்ஸ்கிரீனை மறுநாளிலிருந்து மெதுவாகத் தடவுங்கள்.

யோகா செய்கிறவர்களுக்குத் தனியாக

இதில்தான் அதிகம் தவறு நடக்கிறது என்று நினைக்கிறேன். யோகா என்றால் மென்மையானது, முதல் நாளே செய்யலாம் என்று ஒரு நம்பிக்கை. ஆனால் எந்த ஆசனத்தில் தலை எங்கே இருக்கிறது, நெற்றி எதில் படுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நின்று செய்யும் தாடாசனம், விருட்சாசனம், வீரபத்ராசனம், உட்கார்ந்து செய்யும் பத்மாசனம், நாடி சுத்தி இவையெல்லாம் மறுநாளே செய்யலாம். சூரிய நமஸ்காரத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தலை இடுப்புக்குக் கீழே போய் வருகிறது, கூடவே வேகமும் சேர்கிறது. அதை மூன்றாம் நாளிலிருந்து மெதுவாக ஆரம்பிக்கலாம். அதோமுக ஸ்வானாசனம், ஹலாசனம், சர்வாங்காசனம் எல்லாவற்றுக்கும் இரண்டு முழு நாள் இடைவெளி விடுங்கள். சிரசாசனத்தில் உடம்பின் எடையே தலையில் நிற்கிறது. அதற்கு நான் ஒரு வாரம் சொல்வேன். கபாலபாதியில் மூச்சை வேகமாகத் தள்ளும்போது முகமும் சேர்ந்து முறுக்கிக்கொள்கிறது, அதுவும் மூன்றாம் நாளுக்கு.

யாரும் சந்தேகப்படாதவை பாலாசனமும் மகராசனமும். களைப்பாற்றுவதற்கான ஆசனங்கள் என்று முதல் நாளே செய்துவிடுகிறார்கள். பாலாசனத்தில் நெற்றி நேராகப் பாயில் அழுந்துகிறது. செய்யத்தான் வேண்டும் என்றால் மூன்றாம் நாள், இரண்டு முஷ்டிகளையும் அடுக்கி அதன் மேல் தாடையை வைத்துக்கொள்ளுங்கள். சவாசனத்தில் கண்ணுக்கு மேல் வைக்கும் சின்னத் தலையணையைக் கண்ணோர ஊசி போட்டவர்கள் ஒரு வாரம் விட்டுவிடலாம்.

முகத்துக்கான யோகா, கன்னத்தையும் நெற்றியையும் விரலால் நீவும் பயிற்சிகள் இவற்றை இரண்டு வாரம் தொடாதீர்கள். அதற்குப் பிறகும் எனக்கு ஒரு கேள்வி உண்டு: ஓய்வெடுக்கட்டும் என்று காசு கொடுத்து ஊசி போட்ட தசையை எதற்காக மறுபடி வேலை வாங்க வேண்டும்?

நீச்சல், விளையாட்டு, மசாஜ்

நீச்சலில் தண்ணீரால் பெரிய பிரச்சினை இல்லை, ஊசித் துளைகள் ஒரு நாளில் மூடிவிடும். கண்ணைச் சுற்றி உறிஞ்சிப் பிடிக்கும் கண்ணாடிதான் பிரச்சினை. கண்ணோரத்திலும் புருவத்திலும் போட்டுக்கொண்டவர்கள் நான்கைந்து நாளாவது கழித்துப் போகட்டும். சைக்கிள் ஹெல்மெட், கிரிக்கெட் ஹெல்மெட் இரண்டாம் நாளிலிருந்து போடலாம், நெற்றியில் தடம் பதியும் அளவுக்கு இறுக்க வேண்டாம். கபடி, குத்துச்சண்டை, முகத்தில் அடிபடக்கூடிய எதையும் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். ஓட்டை வைத்த மசாஜ் மேசையில் முகத்தைக் கவிழ்த்துப் படுப்பதும், தலைக்கு எண்ணெய் வைத்து நெற்றியை அழுத்தித் தேய்ப்பதும், ஃபேஷியலும் இரண்டு வாரம் கழித்துப் போதும்.

கழுத்து, தாடை, தோள்பட்டையில் போட்டிருந்தால்

இங்கே கதை வேறு. முதல் நாள் விதிகள் அதேதான், ஆனால் மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கழுத்துப் பட்டைக்கு (கழுத்தில் நெடுக்காகத் தெரியும் தசைக் கோடுகள்) போட்டவர்களில் சிலருக்கு மல்லாந்து படுத்துத் தலையைத் தூக்குவது கொஞ்ச நாளைக்குக் கஷ்டமாக இருக்கும். சிட்அப், க்ரஞ்ச் செய்யும்போது கழுத்து சுலபமாகச் சோர்ந்துவிடும். அவற்றுக்குப் பதில் ப்ளாங்க் செய்யலாம், அல்லது தலைக்குப் பின்னால் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்ளலாம். விழுங்குவதில் சிரமம் வந்தால் அது பயிற்சி விஷயம் இல்லை, உடனே டாக்டரிடம் போங்கள்.

தாடை மெலிய மாஸெட்டர் என்ற மெல்லும் தசைக்குப் போட்டவர்கள் எடை தூக்கும்போது பல்லைக் கடிக்கும் பழக்கத்தைக் கவனியுங்கள். தோள்பட்டையின் ட்ரபீசியஸ் தசைக்கு இப்போது பலர் போட்டுக்கொள்கிறார்கள், கழுத்து நீளமாகத் தெரியுமாம். அது சுமை தாங்கும் தசை, அதைத் தளர்த்தினால் தோள் பயிற்சியில் பலம் குறையத்தான் செய்யும். முன்பு தூக்கிய எடையையே வீம்புக்குத் தூக்காமல் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயிற்சியாளரிடமும் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர் ஏன் என்று தெரியாமல் இன்னும் முயற்சி செய்யச் சொல்வார்.

தோலுக்கு அடியில் நிரப்பும் ஃபில்லர் ஊசி என்பது வேறு பொருள், வேறு ஆபத்து. இந்தக் கட்டுரையின் கணக்கை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

எப்போது டாக்டரைக் கூப்பிட வேண்டும்

ஒரு கண் இமை தொங்குவது போலத் தெரிந்தாலோ, புருவம் கனத்தாலோ, அது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியும். அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி புருவ நடு ஊசி போட்டவர்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கு இமைத் தொய்வு வந்திருக்கிறது. தானாகச் சரியாகும், சில வாரங்கள் ஆகலாம். அதுவரை இமையைக் கொஞ்சம் தூக்கித் தரும் கண் சொட்டு மருந்து உண்டு, டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். நீங்களாகத் தேய்த்து ஏற்ற முயலாதீர்கள். ஒரு கண் சரியாகத் தெரியாதபோது டிரெட்மில்லில் ஓடாதீர்கள், வண்டியும் ஓட்டாதீர்கள். அன்றைக்கு ஓடினதால்தான் இப்படி ஆனது என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். நல்ல டாக்டர் கவனமாகப் போட்டவர்களுக்கும் சில நேரம் இது வரும்.

ஆனால் விழுங்க முடியாமை, மூச்சுத்திணறல், குரல் மாறுவது, பேச்சு குழறுவது, இரண்டிரண்டாகத் தெரிவது, உடம்பு முழுக்கத் தளர்ச்சி இவற்றில் ஏதாவது வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். மருந்து போட்ட இடத்தைத் தாண்டிப் பரவியதன் அறிகுறியாக இருக்கலாம். சில மணி நேரத்திலும் வரலாம், சில வாரம் கழித்தும் வரலாம். இதற்காகத்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் இந்த மருந்துகளின் மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் கட்டிய மிகக் கடுமையான எச்சரிக்கையைப் போட வைத்தது. அழகுக்குப் போடும் சிறிய அளவில் இது மிக அரிது. வந்தால் 108ஐ அழையுங்கள், ஆஸ்பத்திரியில் எந்த மருந்து, எத்தனை யூனிட், எந்தத் தேதி என்று சொல்லுங்கள். முன்பே எழுதி வாங்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். உடம்பெல்லாம் தடித்து அரித்தாலோ முகம் வீங்கினாலோ அதுவும் அவசரம்தான்.

இரண்டு வாரத்துக்குப் பிறகு

டாக்டரிடம் போய்க் காட்ட வேண்டிய நேரம் இது. ஒரு பக்கம் அதிகமாக அசைகிறது, இன்னொரு பக்கம் அசையவில்லை என்றால் இப்போதுதான் சரிசெய்வார்கள். ஐந்தாம் நாளே போய் "இன்னும் போடுங்கள்" என்று கேட்காதீர்கள், மருந்து இன்னும் வேலையை முடித்திருக்காது. கூடுதலாகக் கொஞ்சம் போட்டுவிட்டால் அன்றைக்கும் முதல் நாள் விதிகள் மறுபடி பொருந்தும்.

நெற்றியில் போட்டவர்களுக்கு அங்கே வியர்வை கொஞ்சம் குறையலாம். வியர்வைச் சுரப்பிக்கும் அதே நரம்புச் செய்திதான் போகிறது, அக்குளில் அதிகம் வியர்ப்பவர்களுக்கு இதே மருந்தைப் போடுவதும் அதனால்தான். நெற்றி சின்ன இடம், உடம்பு குளிர்வதை அது பாதிக்காது. ஆனால் "இன்னைக்கு வியர்க்கவே இல்லை, பயிற்சி போதவில்லை போல" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தாகத்தைப் பார்த்துத் தண்ணீர் குடியுங்கள்.

நிறைய உடற்பயிற்சி செய்தால் போடாக்ஸ் சீக்கிரம் கரைந்துவிடுமா என்று ஓடுகிறவர்கள் எப்போதும் கேட்பார்கள். அப்படி உறுதியாகச் சொல்லப் போதுமான சான்று இல்லை. சிலருக்கு மூன்று மாதத்திலேயே அசைவு திரும்புகிறது, சிலருக்கு நான்கு மாதம் ஆகிறது. தசையின் பலமும் போட்ட அளவும் இதில் பெரிய பங்கு வகிக்கின்றன. நெற்றிக்காக ஓட்டத்தைக் குறைக்க வேண்டாம். இதயத்துக்கும் எலும்புக்கும் சர்க்கரைக்கும் பயிற்சி செய்கிற நன்மையை எந்த ஊசியும் செய்யாது.

அடுத்த தடவைக்குக் குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். முதல் தடவையில் ரத்தக்கட்டு எங்கே வந்தது, எத்தனை நாள் இருந்தது, எந்த நாளில் பழைய பயிற்சிக்குத் திரும்பினீர்கள் என்று ஒரு பக்கத்தில் குறித்து வைத்திருந்தால் டாக்டரிடம் காட்டலாம். தேதி குறிக்கும்போது கனமான பயிற்சி உள்ள நாளைத் தவிர்த்து, வாரத்தில் நீங்கள் ஓய்வெடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் பிற்பகலைக் கேளுங்கள். காலையில் பயிற்சி, பிற்பகலில் ஊசி, மறுநாள் ஓய்வு, அதற்கு அடுத்த நாள் வழக்கம்போல.